கடலில் யார் விலகுவது?

எங்கள் தீவகத்தில் 'பாதை' என்ற சொல் தரையில் கிடக்கும் ஒன்றை மட்டும் குறிப்பதில்லை. அது தண்ணீரிலும் மிதக்கும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட சிறு கடலைக் கடப்பதற்கு, ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்துவரும் மிதவைக்கு அங்கே பெயரே பாதைதான். "இண்டைக்குப் பாதை பழுதாம், பண்ணையாலை சுத்திப் போங்கோ" என்று ஊர்காவற்றுறையில் ஒருவர் சொன்னால், வீதி எங்கோ உடைந்துவிட்டது என்றுதான் வெளியூரவர் எண்ணுவார். தீவகத்தவருக்கு வழி என்பதே மிதந்து வந்து மிதந்து போகும் ஒன்று. ஆகவே, கடலில் வழி யாருக்கு உரியது என்ற கேள்வி எங்களுக்குச் சட்டப் புத்தகத்துக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை.

இக்கேள்வியை அண்மையில் என்னிடம் எழுப்பியவர் நயினாதீவில் பிறந்து சிட்னியில் வாழும் ஒரு நண்பர். ஓய்வுபெற்றபின் சிறியதொரு பாய்மர உல்லாசப் படகை வாங்கி ஓட்டப் பழகி வருகிறார். "அண்ணை, பாயிலை ஓடுற படகுக்கு எவ்வளவு பெரிய கப்பலும் விலகவேணும் எண்டு சொல்லித் தருகினம். உது உண்மையோ? அப்பிடியெண்டால் எங்கடை கடலிலை என்னத்துக்கு இத்தினை சாவு?" என்று எழுதியிருந்தார். முதற் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அது முடியாது என்பதனாலேயே இக்கட்டுரை.

கடலில் கலங்கள் மோதிக்கொள்ளாமல் தடுப்பதற்கான சர்வதேச ஒழுங்குவிதிகள் 1972ஆம் ஆண்டு இலண்டனில் இணங்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருந்து வருகின்றன. இந்தியாவும் இலங்கையும் அவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகள். அவற்றின் 18ஆவது விதி, இயந்திரத்தால் ஓடும் கலம் பாயினால் ஓடும் கலத்துக்கு விலகிச் செல்லவேண்டும் என்கிறது. அதே விதி, பாயினால் ஓடும் கலம் வலை போட்டு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு விலகவேண்டும் என்றும் சொல்கிறது. உல்லாசப் படகோட்டிகள் பலர் முதற்பாதியை மனனம் செய்துகொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். வலையில் தொழில் செய்துகொண்டிருக்கும் மீனவனுக்குப் பாய்மரப் படகும் விலகத்தான் வேண்டும். பாயை விரித்துக்கொண்டே இயந்திரத்தையும் இயக்கினால், விதியின் கண்ணில் அது பாய்மரக் கலமே அல்ல, இயந்திரக் கலம்.

இவ்விதிகளில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம் ஒன்றுண்டு. 'வழியுரிமை' என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சர்வதேச விதிகள் எவருக்கும் உரிமை எதையும் வழங்கவில்லை. கடமைகளையே அவை பங்கிடுகின்றன. ஒரு கலத்துக்கு விலகும் கடமை. மற்றதற்குத் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்லும் கடமை. விலகவேண்டியது விலகாவிட்டால், மற்றது தானும் மோதலைத் தவிர்க்க முயலவேண்டும் என்பது 17ஆவது விதி. 'எனக்குத்தானே வழி' என்று கண்ணை மூடிக்கொண்டு எவரும் போய்விட முடியாது.

யாருக்கு யார் விலகுவது என்பதை அவர்கள் எதனைக்கொண்டு தீர்மானித்தார்கள்? நீராவிக் கப்பல் வந்த காலத்தில் எழுந்த கேள்வி இது. பிரித்தானியாவும் பிரான்சும் 1863இல் உடன்பட்ட விதிகளிலேயே, நீராவிக் கப்பல் பாய்க்கப்பலுக்கு விலகவேண்டும் என்பது இடம்பெற்றுவிட்டது. காரணம் எளியது. பாய்க்கப்பல் காற்றுக்கு நேர் எதிரே போகமுடியாது. நினைத்த மாத்திரத்தில் நிற்கவும் முடியாது. நீராவிக் கப்பலால் எப்பக்கமும் திரும்பமுடியும். ஆகவே, திரும்ப இயலுமானவன் திரும்ப இயலாதவனுக்கு விலகவேண்டும். பெரியவன், சிறியவன் என்றோ, அரசுக்குரியவன், தனியாள் என்றோ விதி பார்க்கவில்லை. கட்டுப்பாட்டை முற்றாக இழந்த கலத்துக்கு எல்லோரும் விலகவேண்டும். அதற்கடுத்து, செய்யும் வேலையின் தன்மையால் திரும்ப இயலாத கலம். அதற்கடுத்து வலையோடு இருப்பவன். பிறகு பாய். எல்லாவற்றுக்கும் கடைசியில் இயந்திரம்.

எங்கள் பழைய தண்டையல்மார் இலண்டன் விதிகளைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் சோளகக் காற்றில் அனலைதீவுப் பக்கமிருந்து வரும் வள்ளமும் எழுவைதீவுப் பக்கமிருந்து வரும் வள்ளமும் ஒன்றையொன்று நெருங்கினால், காற்றைத் தன் கையில் வைத்திருப்பவன், அதாவது காற்று வரும் பக்கமாக இருப்பவன், தானாகவே விலகிக்கொடுப்பதைச் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன். இரு வள்ளங்களுக்கும் ஒரே பக்கமாகக் காற்று விழும்போது 12ஆவது விதி சொல்வதும் அதுவே. 1930களில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, அது வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த கதை நம்மவர் பலருக்கும் தெரியும். அந்தப் பயணத்தில் எத்தனை இயந்திரக் கப்பல்கள் அதற்கு விலகிக்கொடுத்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பெருமையாகத்தான் இருக்கிறது.

பாய் எங்கள் கடலைவிட்டு ஒரேயடியாகப் போய்விடவுமில்லை. 1990களில் எரிபொருள் தடையும் இயந்திரங்களுக்கான கட்டுப்பாடுகளும் இருந்தபோது, வீட்டுக் கோடியில் கிடந்த பாய்கள் மீண்டும் வெளியே வந்தன. அது வேறு கதை.

சிட்னி நண்பருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 18ஆவது விதிக்குப் பெரிய விலக்குகள் உண்டு. முந்திச்செல்பவன், பாய்மரப் படகாயினும், முந்தப்படுபவனுக்கு விலகவேண்டும். ஒடுங்கிய கால்வாய்க்குள் அன்றி வேறெங்கும் பாதுகாப்பாக ஓடமுடியாத பெருங்கப்பலின் போக்கைப் பாய்மரக் கலமோ 20 மீற்றருக்குக் குறைந்த கலமோ தடைசெய்யக் கூடாது என்பது 9ஆவது விதி. அவருடைய சிட்னித் துறைமுகத்திலேயே செம்மஞ்சள் நிற வைர அடையாளத்தைக் காட்டி வரும் பயணிகள் படகுகளுக்குப் பாய்மரப் படகுகள் விலகவேண்டும் என்று உள்ளூர் விதி இருக்கிறது. ஆகவே பெருங்கப்பல் எல்லா இடத்திலும் விலகும் என்று நம்பிப் படகைச் செலுத்த வேண்டாம்.

இந்த 9ஆவது விதியை நான் முதலில் கருத்தூன்றிப் படித்தது சேதுசமுத்திரத் திட்டம் பற்றிய சர்ச்சைக் காலத்தில். 2005 ஜூலை 2ஆம் திகதி மதுரையில் தொடக்கிவைக்கப்பட்ட அத்திட்டத்தின்படி, பாக்குநீரிணையூடாக 12 மீற்றர் ஆழமும் 300 மீற்றர் அகலமும் கொண்ட கால்வாய் தோண்டப்பட இருந்தது. இராமர் பாலம் பற்றிப் பேசினார்கள். பவளப்பாறை பற்றிப் பேசினார்கள். சுனாமி பற்றியும் பேசினார்கள். கால்வாய் ஒன்று வந்துவிட்டால் அதனுள்ளே விலகும் கடமை தலைகீழாக மாறி, வலையோடு நிற்கும் மீனவன்தான் கப்பலுக்கு ஒதுங்கவேண்டி வரும் என்பதைப் பேசியவர்களை நான் அன்று காணவில்லை. திட்டம் நீதிமன்றத்தில் சிக்கி நின்றுபோயிற்று. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதனை மீண்டும் நிறைவேற்றக் கோரித் தீர்மானம் இயற்றியது. என்றேனும் அது உயிர்பெறுமானால் இக்கேள்வியை முதலில் கேட்கவேண்டும் என்பதற்காக இங்கே பதிந்து வைக்கிறேன்.

இன்றைய நிலையில் பெருங்கப்பல்கள் எங்கள் தீவுகளுக்கு அருகே வருவதில்லை. பாக்குநீரிணையின் ஆழமின்மையும் மன்னார்த் திட்டுகளும் அவற்றைத் தெற்கே தெய்வேந்திரமுனையைச் சுற்றிப் போகவைத்துவிட்டன. அப்படியானால் நெடுந்தீவுக் கடலில் சிறியவனுக்கு எதிரே வரும் பெரியவன் யார்?

இருவர். ஒருவர் கடற்படை. மற்றவர் இழுவைமடி போடும் றோலர் படகு.

கடற்படையின் கலத்துக்கும் இந்திய மீன்பிடிப் படகுகளுக்கும் இடையிலான சம்பவங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2021 ஜனவரி 18ஆம் திகதி நெடுந்தீவுக்கு அப்பால் ஒரு றோலர் மூழ்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினத்தில் இருந்து புறப்பட்ட படகு அது. அதில் இருந்த நால்வரும் இறந்தனர். அவர்களுள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழத்து அகதி. இந்தக் கடலைத் தாண்டி உயிர்தப்பிப் போன குடும்பத்தில் ஒருவர், இதே கடலில், பிழைப்புக்காக வந்து இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் காரைநகருக்கு அப்பால் மற்றொரு சம்பவம். அதுவும் கோட்டைப்பட்டினத்துப் படகுதான். மூவரில் ஒருவர் இறந்தார். 2024 ஜூன் மாதம் காங்கேசன்துறைக்கு அப்பால் ஒரு றோலரைக் கைப்பற்றும் முயற்சியில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார். அவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது. 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி அதிகாலையில், கச்சதீவுக்கு வடக்கே ஐந்து கடல்மைல் தொலைவில், நால்வர் இருந்த படகு ஒன்று கடற்படைக் கலத்துடனான மோதலில் கவிழ்ந்தது. ஒருவர் இறந்தார், ஒருவர் காணாமற்போனார், இருவர் மீட்கப்பட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டனர். புதுடில்லியில் இலங்கையின் பதில் உயர்ஸ்தானிகர் அழைக்கப்பட்டு எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது.

இச்செய்திகள் வெளிவந்த நாட்களின் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். கொழும்பில் 'இந்தியப் படகு கடற்படைக் கலத்துடன் மோதியது' என்றிருக்கும். இராமநாதபுரத்தில் 'இலங்கைக் கடற்படைக் கப்பல் மீனவர் படகு மீது மோதியது' என்றிருக்கும். வினைச்சொல் ஒன்றே. எழுவாய் மட்டும் கரைக்குக் கரை மாறிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வாக்கியத்தின் எழுவாயைத் தெரிவுசெய்வதற்குச் சான்று வேண்டும். மேற்சொன்ன இரு தலைப்புகளுக்கும் பின்னால் இருப்பது அந்தந்தக் கரையின் அதிகாரியோ சங்கத் தலைவரோ சொன்ன ஒரு கூற்று மாத்திரமே.

சான்று கிடைக்காத காரியமா இது? சிறிது கணக்குப் போடலாம். எங்கள் சனம் 'டோறா' என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த தாக்குதல் கலங்கள் 40 நொட்டுக்கு மேல் ஓடக்கூடியவை. 40 நொட் என்பது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர். மடி இழுத்துக்கொண்டு செல்லும் றோலரின் வேகம் மூன்று நொட் அளவில். அதாவது விநாடிக்கு ஒன்றரை மீற்றர். பத்து விநாடியில் முன்னது 200 மீற்றர் போய்விடும், பின்னது 15 மீற்றர் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு சம்பவத்திலும் கடற்படைக் கலம் முழுவேகத்தில் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. மடியை அறுத்துவிட்டுத் தப்பியோடும் றோலர், எதிர்பாராமல் குறுக்கே திருப்பக்கூடும் என்பதும் உண்மை. கூட்டமாக வரும் றோலர்கள் ரோந்துக் கலத்தை நெருக்கும் சம்பவங்களும் உண்டு. என் கேள்வி வேறு. ராடர் எந்தக் கலத்தில் இருந்தது? பதிவுக் கருவி எதில் இருந்தது? திருப்பும் ஆற்றல் எதற்கு மிகுதி? விலகும் கடமையை 1863இல் இருந்தே எந்தப் பக்கத்தில் வைத்து வந்திருக்கிறார்கள்?

'அவர்கள் எல்லைதாண்டி வந்து சட்டவிரோதமாக மீன்பிடிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வழியுரிமை?' என்று கேட்பவர்கள் எங்கள் ஊரிலேயே அதிகம். அவர்களின் கோபம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன். ஆனால் 1972இன் விதிகள் கலம் சட்டப்படி வந்ததா, திருட்டுத்தனமாக வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. போர்க்கப்பலுக்கு அவற்றிலிருந்து பொது விலக்கும் இல்லை. குற்றம் செய்த கலத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கடற்படைக்கு உண்டு. அந்த அதிகாரத்துக்கும் அளவு உண்டு. கினி நாட்டு ரோந்துக் கலங்கள் சுட்டுப் பிடித்த 'சைகா' என்ற எண்ணெய்க் கப்பலின் வழக்கில், கடற்சட்டத்துக்கான சர்வதேச நீதிமன்றம் 1999 ஜூலை 1ஆம் திகதி அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக வகுத்துவிட்டது. முதலில் ஒலியாலும் ஒளியாலும் நிற்கச் சொல்லவேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் அடுத்தடுத்த படிகள். வலுவைப் பயன்படுத்துவது இயன்றவரை தவிர்க்கப்படவேண்டும். தவிர்க்கமுடியாதபோதும் தேவைக்கு மேற்படக் கூடாது. மோதிக் கவிழ்ப்பதும் வலுவைப் பயன்படுத்துவதுதான்.

தீவகத்தார் இதனை யாரும் சொல்லித்தர வேண்டிய நிலையில் இல்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள் குறைந்தது 23 பேரை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். அது மோதல் அல்ல, படுகொலை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவனும் அல்லன் நான். ஆனால் ஆயுதம் தாங்கிய கலமொன்று அணுகும்போது நெடுந்தீவுப் பயணியின் அடிவயிற்றில் எழுவது என்னவென்று விளங்காதவர்கள், 'அவன் ஏன் ஓடினான்' என்று எளிதாகக் கேட்டுவிடுவார்கள்.

இனி மற்றப் பெரியவர். எங்கள் கடற்றொழிலாளரிடம் இருப்பவை பெரும்பாலும் 18 முதல் 23 அடி வரையான கண்ணாடியிழைப் படகுகள், வெளியிணைப்பு இயந்திரம், இரண்டு அல்லது மூன்று பேர். இரவில் வலையை விரித்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். அந்த வலைகளின் குறுக்கே கரையிலிருந்து விளக்கு வரிசையாகத் தெரியும்படி றோலர்கள் மடி இழுத்துக்கொண்டு வருகின்றன. வலை போனால் ஆறு மாத உழைப்புப் போகும். ஆள் போவதும் உண்டு. 2022 ஜனவரியின் இறுதியில் வடமராட்சி கிழக்கு வத்திராயனைச் சேர்ந்த இருவர் கடலில் காணாமற்போய்ச் சடலங்களாகக் கரையொதுங்கினர். இந்திய றோலர் மோதியே இறந்தார்கள் என்று ஊரவர் கொதித்தெழுந்தனர். சுப்பர்மடத்தில் வீதியை மறித்துப் போராடினார்கள். அந்த இருவருக்காகப் புதுடில்லியில் எவரும் எவரையும் அழைத்து எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தமிழுணர்வு மேடைகளிலும் அவர்களுடைய பெயர்கள் ஒலிக்கவில்லை. கொன்றது கடற்படையாயின் கூட்டம், றோலராயின் மௌனம் என்றிருப்பது எனக்கு உடன்பாடானதன்று. தமிழ்நாட்டு நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

விதிப்படி பார்த்தால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 18ஆவது விதிக்கு, மடி இழுக்கும் றோலரும் வலைபோட்டுக் கிடக்கும் வள்ளமும் ஒரே வகுப்பு. இரண்டும் 'மீன்பிடியில் ஈடுபட்ட கலங்கள்'. ஒருவருக்கொருவர் யார் விலகுவது என்று அவ்விதி சொல்லவில்லை. றோலர்காரர் சார்பில் பேசுவோர் இதைச் சுட்டிக்காட்டுவதுண்டு. ஆனால் எல்லாக் கலமும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் வைத்திருக்கவேண்டும் என்ற 5ஆவது விதி அவர்களுக்கும் உரியது. விதிகளில் எழுதப்படாததையும் நல்ல மாலுமியின் வழமைப்படி செய்யவேண்டும் என்ற 2ஆவது விதியும் அப்படியே. நகர்பவன் ஒருவன், கிடப்பவன் ஒருவன் என்றால் எது நல்ல மாலுமியின் வழமை என்று நாகபட்டினத்துப் பழைய மீனவரைக் கேட்டாலும் சொல்லுவார். தமிழ்நாடு தன் சொந்தக் கரையில் 1983இலேயே சட்டம் இயற்றி, கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யக்கூடாது என்றது. கட்டுமரத்துக்காரனைக் காப்பதற்காகத்தான். அங்கே கட்டுமரத்துக்காரனுக்குக் கொடுத்த ஒதுக்கத்தை நெடுந்தீவானுக்கு மறுப்பது என்ன நியாயம்? இலங்கை 2017இல் இழுவைமடியையே சட்டத்தால் தடைசெய்தது. அச்சட்டம் உள்ளூர்ப் படகுகளுக்கும் பொருந்தும். குருநகர்ப் பக்கத்து இழுவைப் படகுகளைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவும் எழுதியபின் நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விதி இருந்தும் சாவு ஏன்? என் எண்ணத்தில், மோதல்கள் எங்கள் கடலில் மோதல்களாக விசாரிக்கப்படுவதில்லை. நடந்த மறுகணமே அவை கச்சதீவுப் பிரச்சினையாகிவிடுகின்றன, தேர்தல் பிரச்சினையாகிவிடுகின்றன, வெளியுறவு அறிக்கையாகிவிடுகின்றன. 1974ஆம், 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த அதிகாலையில் எந்தக் கலம் எந்தத் திசையில், எந்த வேகத்தில், எந்த விளக்குடன் வந்தது என்று கேட்க ஆளில்லை.

வேறு இடத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2006 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் வைற் தீவுக்குத் தெற்கே 'ஊசோ' என்ற 25 அடிப் பாய்மரப் படகு மூன்று பேரோடு மறைந்துபோயிற்று. சடலங்கள் கிடைத்தன, படகு கிடைக்கவில்லை, மோதியதைக் கண்ட சாட்சியும் இல்லை. பிரித்தானியாவின் கடல்விபத்து விசாரணைப் பிரிவு தேடிச்சென்று, 'பிரைட் ஒவ் பில்பாவோ' என்ற பெரும் பயணிகள் கப்பல் அவ்வேளை அவ்வழியே சென்றதைக் கண்டறிந்து, அது படகை இடித்திருக்கவேண்டும் அல்லது தன் அலையால் மூழ்கடித்திருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. காவலில் நின்ற அதிகாரியின் மூக்குக்கண்ணாடி வெளிச்சத்தில் கருமையாகும் வகையைச் சேர்ந்தது என்பதும், அது இருளில் அவர் பார்வையை எவ்வளவு குறைத்திருக்கும் என்பதும்கூட ஆராயப்பட்டது. படகின் ராடர் எதிரொளிப்பான் போதிய தரமற்றது என்பதும் ஒளிக்கப்படாமல் எழுதப்பட்டது. 2007இல் அறிக்கை யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. அதிகாரி மீதான வழக்கில் நடுவர் குழு அவர் குற்றவாளி அல்லர் என்றது. தண்டனை கிடைக்கவில்லை. ஆனால் மூன்று குடும்பங்களுக்கும் அந்த இரவில் என்ன நடந்தது என்பது தெரியும்.

கோட்டைப்பட்டினத்து நான்கு வீடுகளுக்கு அப்படியோர் அறிக்கை போய்ச்சேரவில்லை. வத்திராயனின் இரண்டு வீடுகளுக்கும்தான்.

சட்டத்தில் இதற்கொரு ஓட்டையும் இருக்கிறது. கடல்விபத்துகளை விசாரிக்கும் சர்வதேச நெறிமுறை 2010 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான உடன்படிக்கையின் கீழ். அந்த உடன்படிக்கையோ போர்க்கப்பலுக்கும் மீன்பிடிக் கலத்துக்கும் பொதுவில் பொருந்தாது. நெடுந்தீவுக் கடலில் மோதுபவை இந்த இரண்டும்தான்! ஆகவே இலண்டனில் இருந்து எவரும் வந்து விசாரிக்கப்போவதில்லை. கொழும்பும் புதுடில்லியும் தாமாக இணங்கவேண்டும். மீனவர் விவகாரத்துக்காக இரு நாட்டு அதிகாரிகளின் கூட்டுச் செயற்குழு ஒன்று 2016 முதலே இருக்கிறது. கைதானவர்களை விடுவிப்பதும் படகுகளைத் திருப்புவதும் பற்றிப் பேசும் அந்த மேசையில், உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு மோதலையும் இரு நாட்டு மாலுமிகளும் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் ஆராய்ந்து தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடவேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்குக் கச்சதீவு யாருடையது என்ற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இறந்தவர் றோலர்காரராயினும், வத்திராயனாராயினும், கடற்படைச் சிப்பாயாயினும் ஒரே விசாரணை.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் சேவையும் இந்த வலைகளின் மேலாகத்தான் போய்வரவேண்டும். அக்கப்பலின் மாலுமிகளுக்கு 18ஆவது விதி தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விலகுவதற்கு முதலில் கண்ணில் படவேண்டுமே. கண்ணாடியிழைப் படகு ராடரில் தெளிவாகத் தெரிவதில்லை; அலையோடு அலையாகப் போய்விடும்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. வலையோடு கிடப்பவன் சிவப்பின் கீழ் வெள்ளை விளக்குக் காட்டவேண்டும் என்பது முறையான விதி. பாயிலோ துடுப்பிலோ போகும் மிகச்சிறிய படகுக்குக்கூட, குறைந்தபட்சம் ஒரு ரோச் லைற்றையாவது கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கும்படி நேரத்தோடு காட்டவேண்டும் என்று 25ஆவது விதி சொல்கிறது. தீவகத்தில் எத்தனை படகுகளில் இது நடக்கிறது? நெடுந்தீவில் ஒரு தொழிலாளியிடம் கேட்டேன். "வெளிச்சம் காட்டினால் வெடி விழுந்த காலத்திலை தொழில் பழகினனாங்கள் தம்பி. இருட்டிலை கிடக்கிறதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு எண்டு கைக்குப் பழகிப்போச்சு" என்றார். போர் முடிந்தது 2009இல். அவருடைய மகனுக்கு இப்போது இருபது வயது. வெடி விழுந்த காலத்தைக் கண்டவன் அல்லன். அவனும் இருட்டிலேதான் கிடக்கிறான், தகப்பனிடம் அப்படித்தான் தொழில் பழகினான். கடற்றொழில் திணைக்களமும் சங்கங்களும் வலைக்கும் இயந்திரத்துக்கும் மானியம் கேட்டு மனுக் கொடுக்கும்போது, அந்தப் பட்டியலில் இரண்டு விளக்குகளையும் ஒரு ராடர் எதிரொளிப்பானையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. அடுத்த சோளகம் தொடங்குமுன் குறிகட்டுவான் இறங்குதுறையில் வைத்தே அவற்றைப் பூட்டிக் கொடுத்துவிடலாம்.